பாராசூட்டில் சரக்கு போடுகிற கை நம்மிடம் இன்னும் இருக்கிறதா?

கேட்டவர்: ஏரிக்கரையான், 05.01.2024

வெள்ளம் வந்த மூன்றாம் நாள் எங்கள் தெருவுக்கு மேலே ஹெலிகாப்டர் வந்து பொட்டலம் போட்டது. பாதி தண்ணீரில் விழுந்தது, கொஞ்சம் கருவேலமுள்ளில், மிச்சம்தான் கையில். இரண்டாம் உலகப் போரிலேயே பாராசூட் கட்டி அரிசி மூட்டை இறக்கியவர்கள் என்று படித்திருக்கிறேன். இப்போது ஒரு பாராசூட்கூடக் கண்ணில் படவில்லையே, ஏன்? அந்த வித்தை மறந்துபோச்சா?

கோணி ஊசி, 06.01.2024, இரவு 9.40

மறந்துதான் போச்சு.

நான் 1985இல் ஏ.எஸ்.சி.யில் சேர்ந்தவன். ராணுவத்துக்குச் சோறு, எண்ணெய், வண்டி பார்க்கிற பிரிவு அது. அதில் ஒன்பது வருஷம் வடகிழக்கில் ஒரு விமான தளத்தில் இருந்தேன். விமானம் ஓட்டுவது விமானப்படை, அதன் வயிற்றிலிருந்து மூட்டையை வெளியே தள்ளுவது நாங்கள். எஜெக்ஷன் குரூ என்று பெயர், வாயில் இ.சி. ஊரில் கேட்டால் "விமானத்துல வேலை" என்று அப்பா பெருமையாகச் சொல்வார். மூட்டை தள்ளுகிற வேலை என்று நானும் திருத்தியதில்லை.

வானம் திறந்தால் ஒரே நாளில் இரண்டு தடவை, மூன்று தடவைகூடப் போவோம். இப்போது பையன்களைக் கேட்டால் மாதக்கணக்கில் ஒருதரம் என்கிறான். கை எப்படிப் பழகும்? எங்கள் காலத்திலேயே துணி பழசு. 1991இல் என் கண் முன்னால் மூன்று மண்ணெண்ணெய்க் கட்டு விரியாமலே போய்ப் பள்ளத்தில் விழுந்தது. மக்கிய துணி. அப்போதே ஆரம்பித்த சரிவு இது.

கோணி ஊசி, 07.01.2024, காலை 6.15

நேற்று ராத்திரி கோபத்தில் எழுதிவிட்டு, கேட்ட கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை என்று தூக்கத்தில் நினைவு வந்தது.

ஏரிக்கரையான், உங்கள் தெருவில் பாராசூட் போடாதது சரி. கணக்குப் பாருங்கள். 300 மீட்டர் உயரத்திலிருந்து பாராசூட்டில் விடுகிற சரக்கு நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், தரை தொட 43 நொடி ஆகும். அந்த நேரத்தில் நொடிக்கு 5 மீட்டர் காற்று அடித்தால், மூட்டை 215 மீட்டர் பக்கவாட்டில் போய்விடும். சாதாரணக் காற்றுக்கே இந்தக் கதி. பணகுடிப் பக்கம் ஆடிக்காற்றில் காற்றாலை சுற்றுகிற வேகத்துக்குக் கணக்குப் போட்டால் அடுத்த ஊரில் தேட வேண்டும். ஸ்ரீவைகுண்டத்துத் தெருவுக்கு என்று விட்டது நேராகத் தாமிரபரணிக்குள் போயிருக்கும். தென்னை, மின்கம்பி, கோயில் கோபுரம் வேறு.

ஹெலிகாப்டர் நின்ற இடத்தில் நிற்கும், கீழே இறங்கியும் வரும். அதற்குப் பாராசூட் எதற்கு? நிற்க முடியாத, ஓடிக்கொண்டே இருக்கிற விமானத்துக்குத்தான் அது. பொட்டலம் கட்டியதில் குறை இருந்திருக்கலாம், அது வேறு பேச்சு. அதைப் பிறகு எழுதுகிறேன்.

கோணி ஊசி, 07.01.2024, காலை 6.22

ஒன்று விட்டுப்போச்சு. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டபோது மேலே ஹெலிகாப்டர் வருவதற்கு முன்னாலேயே பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள் சமைத்துப் போட்டுவிட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்த சமயம் அது. கரண்டியில் போடுகிற சோறு காற்றில் நகராது.

கோணி ஊசி, 09.01.2024

"பாராசூட் பற்றித் தமிழில் தேடினால் தேங்காய் எண்ணெய்தான் வருகிறது" என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். சிரிக்காதீர்கள், எனக்கும் அதுதான் வந்தது. கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டில் "மாப்பிள்ளை பாராசூட்டில் வேலை" என்று சொல்லி, ஒரு பெரியவர் என்னிடம் எண்ணெய் மொத்த விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்.

கோணி ஊசி, 13.01.2024, மதியம்

எப்படிப் போடுவோம் என்று இரண்டு பேர் கேட்டீர்கள். பொங்கல் லீவு, எழுத நேரம் இருக்கிறது.

இரண்டு வகை. ஒன்று வெறுமனே விழுவது, பாராசூட் கிடையாது. அரிசி, பருப்பு, உப்பு, சர்க்கரை மாதிரி உடைந்தாலும் உதவுகிற சாமான்களுக்கு. விமானம் ரொம்பத் தாழப் பறக்கும், மூட்டை உருண்டு போய் விழும். இன்னொன்று பாராசூட்டில் இறங்குவது. மண்ணெண்ணெய், மருந்து, வெடிமருந்து, முட்டை, கருவி. ஆடு கோழியை உயிரோடு கூண்டில் வைத்துப் பாராசூட்டில் இறக்கிய கதைகளை மூத்த ஆட்கள் சொல்வார்கள். இறங்கின ஆடு எழுந்து நின்று ஒரு நிமிஷம் அசையாமல் பார்க்குமாம், அப்புறம்தான் கத்துமாம்.

வெறும் விழுவதில் சூட்சுமம் சாக்கில். ஒரு சாக்கில் அரிசியை முழுக்க நிரப்பினால் வெடிக்கும். முக்கால் வரை போட்டு வாயைத் தைக்க வேண்டும். அதை அதைவிடப் பெரிய சாக்கில் போட்டு, அதுவும் லொடலொட என்று இருக்கும்படி தைக்க வேண்டும். சில சமயம் மூன்றாவது சாக்கும் உண்டு. கீழே அடிக்கும்போது உள்சாக்கு கிழியும், கிழியட்டும். அரிசிக்கு ஓட இடம் வேண்டும், அந்த இடத்தை வெளிச்சாக்கு கொடுக்கும். இதை முதல் நாள் உஸ்தாத், அதாவது எங்களுக்கு வேலை பழக்கியவர், சொன்னபோது எனக்கு உடன்குடி கருப்பட்டிச் சிப்பம் நினைவு வந்தது. ஓலை கட்டுகிறவனும் இறுக்கிக் கட்டுவதில்லை, கொஞ்சம் விட்டுத்தான் கட்டுவான்.

பாராசூட்டில் சூட்சுமம் நூலில். விமானத்துக்குள் மேலே ஒரு கம்பி ஓடும். ஒவ்வொரு பாராசூட்டிலிருந்தும் ஒரு பட்டை வந்து அந்தக் கம்பியில் கொக்கியாக மாட்டியிருக்கும், ஸ்டாடிக் லைன். சரக்கு வெளியே போகிற வேகத்தில் அந்தப் பட்டை இழுத்து, பையின் வாயைக் கட்டியிருக்கும் மெல்லிய பருத்தி நூலை அறுக்கும். பை திறக்கும், கயிறு நீளும், துணி காற்றைப் பிடிக்கும். அந்த நூல் அறுந்தாக வேண்டும். அறுவதற்கென்றே போட்ட நூல் அது. இதைப் பற்றி இன்னும் எழுத வேண்டியிருக்கிறது. இன்றைக்கு வேண்டாம்.

மணி அடிக்கும், பச்சை விளக்கு எரியும், தள்ள வேண்டும். பள்ளத்தாக்கு குறுகல். சில நொடிதான், அதற்குள் எத்தனை தள்ள முடியுமோ அத்தனை. அப்புறம் விமானம் மலையைச் சுற்றி வரும், மறுபடி மணி. கதவு திறந்து கிடக்கும் குளிரில் இப்படி எட்டு, பத்து சுற்று. வாந்தி எடுத்துக்கொண்டே தள்ளுவோம். இடுப்புப் பட்டை மட்டும்தான் நமக்கும் மலைக்கும் நடுவில்.

கோணி ஊசி, 14.01.2024

நல்ல பொங்கல் எல்லாருக்கும். பானை பொங்கியாச்சு.

கோணி ஊசி, 21.01.2024, இரவு

ஏரிக்கரையான் உலகப் போர் பற்றிக் கேட்டதற்கு. பர்மாவில் பிரிட்டிஷ் ஜெனரல் ஸ்லிம் தலைமையில் இருந்த 14ஆவது ராணுவம் 1944இல் பெரும்பாலும் வானத்திலிருந்துதான் சாப்பிட்டது. ஜப்பானியர் சுற்றி வளைத்தால் அதற்கு முன்னெல்லாம் பின்வாங்குவார்கள். இந்தத் தடவை நின்றார்கள், மேலிருந்து மூட்டை வந்ததால். பட்டுப் பாராசூட் போதவில்லை, ஐரோப்பாவுக்குத்தான் முதல் பங்கு. ஸ்லிம் ஆட்கள் கல்கத்தா சணல் ஆலைகளைப் பிடித்தார்கள். சணலிலேயே பாராசூட் செய்து 'பாராஜூட்' என்று பெயர் வைத்தார்கள். பட்டு செய்கிற வேலையில் நூற்றுக்கு 85 பங்கு செய்தது. ஒன்று ஒரு பவுண்டுக்குச் சற்று மேலே. பட்டுப் பாராசூட் இருபது பவுண்டுக்கு மேல். போனால் போகட்டும் என்று போடலாம், திரும்ப எடுத்து வரவேண்டிய கவலை இல்லை.

சாக்குத் துணியிலேயே சாக்கை இறக்கியிருக்கிறார்கள். எனக்கு அந்த மனுஷனைப் பிடிக்கும்.

கோணி ஊசி, 22.01.2024

1962 சீனப் போரையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. நம்கா சூ ஆற்றங்கரையில் நம் ஆட்கள் நின்றார்கள், மேலே ட்சாங்தார் என்ற மேட்டில் டகோட்டா, பாக்கெட் விமானங்கள் போட்டன. மேடு சின்னது, சுற்றிலும் சரிவு. பெரும்பகுதி பள்ளத்துக்குள் போய்விட்டது. எடுத்து வர ஆளும் இல்லை, நேரமும் இல்லை. கோடைச் சட்டையோடு குளிரில் நின்றவர்களுக்குக் கம்பளி கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு வரவில்லை. பழைய காலத்தில் எல்லாம் சரியாக நடந்தது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கோணி ஊசி, 04.02.2024

யாழ்ப்பாணம் பற்றி ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆபரேஷன் பூமாலை, 1987 ஜூன். கப்பலில் போன நிவாரணத்தை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது, அடுத்த நாளே விமானத்தில் போட்டோம். ஆறு ஏ.என்.32 சரக்கு விமானம், காவலுக்கு மிராஜ் போர் விமானம். நான் அப்போது வடகிழக்கில், நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஊரிலிருந்து அம்மாவின் இன்லேண்ட் லெட்டர் வந்தது: "நீ போட்ட அரிசி அங்கே போய்ச் சேர்ந்ததா?" நான் போடவில்லை என்று பதில் எழுதினேன். அம்மா நம்பவில்லை. சாகும்வரை தெருவில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கோணி ஊசி, 05.02.2024

திருத்தம்: ஆறு இல்லை, ஐந்து ஏ.என்.32. பெங்களூரிலிருந்து கிளம்பின. ஜூன் 4. மொத்தம் 25 டன். ஒன்றுக்கு ஐந்து டன் என்று வகுத்துப் பார்த்தபோதுதான் என் தப்பு புரிந்தது. ஒரு நகரத்துக்கு 25 டன் ஒரு வேளைக்கும் காணாது. அன்றைக்கு இறங்கியதில் அரிசியைவிட அரசியல்தான் கனம். அதன் சரி தப்பை இங்கே கிளப்ப வேண்டாம், ஏற்கனவே இரண்டு பேர் கீழே சட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கோணி ஊசி, 10.03.2024, இரவு 11.05

காசா செய்தியைப் பார்த்திருப்பீர்கள். மார்ச் 8ஆம் தேதி, ஷாத்தி முகாம் பக்கத்தில் பாராசூட் சரியாக விரியாமல் நிவாரணப் பெட்டி விழுந்து ஐந்து பேர் செத்துப்போனார்கள். சோற்றுக்குக் காத்து நின்றவர்கள்.

எந்த நாட்டு விமானம், யார் மடித்தது என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. அந்த வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். நாலாவது தடவை முடியவில்லை. பாராசூட்டில் வரும் பெட்டி நொடிக்கு ஏழு மீட்டரில் வந்தால் இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்த மாதிரி. விரியாவிட்டால் அது பெட்டி இல்லை, பாறாங்கல். எங்களுக்கு டீ ஜெட் என்றால், அதாவது சரக்கு விழுகிற இடம் என்றால், ஆள் இல்லாத இடம். கீழே நம் ஆட்கள் ஒரு குழுவாக நிற்கும், புகை போடும், மாடு மனுஷர் எல்லாரையும் விரட்டிவிட்டு ரேடியோவில் சரி சொல்லும். அப்புறம்தான் மேலே மணி. பசித்த கூட்டத்தின் தலைக்கு மேலே போடுவதை எங்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுக்கக் கூடியதும் இல்லை.

கோணி ஊசி, 12.03.2024, அதிகாலை

தூக்கம் வரவில்லை. ஜனவரி 6ஆம் தேதி எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. "மக்கிய துணி" என்று எழுதினேனே, அது.

1991, குளிர்காலம். அந்த மூன்று மண்ணெண்ணெய்க் கட்டுக்கும் பை வாயைக் கட்டியது நான். ஒற்றை நூல் போட வேண்டிய இடத்தில் இரட்டை போட்டேன். முந்தின வாரம் ஒரு பை கொட்டகைக்குள்ளேயே தானாக அவிழ்ந்து, உஸ்தாத் எல்லாருக்கும் முன்னால் என்னைத் திட்டினார். இனி அவிழக் கூடாது என்று இரட்டை போட்டேன். கெட்டியாக இருந்தால் நல்லதுதானே என்ற புத்தி. கார்டில் கையெழுத்தும் போட்டேன்.

மேலே பச்சை விளக்கு எரிந்தது, தள்ளினோம். நூல் அறவில்லை. அதற்குப் பதில் ஸ்டாடிக் லைன் தைத்திருந்த இடம் பிய்ந்து வந்தது. பட்டை மட்டும் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது, பை மூடியபடியே மூட்டையோடு போனது. மூன்றும். திரும்பி வந்தபோது கீழேயிருந்து செய்தி: மூன்று நஷ்டம். அடுத்த பத்து நாள் மேகம், யாரும் பறக்கவில்லை. அந்தக் காவல் சாவடியில் பத்து நாள் எதை எரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

விசாரணையில் தையல் இற்றுப்போனது என்று எழுதினார்கள். அதுவும் உண்மைதான், பட்டை பழசு. புதுப் பட்டையாக இருந்தால் என் இரட்டை நூலையும் அறுத்திருக்கும். ஒற்றை நூலாக இருந்தால் பழைய பட்டையே தாங்கியிருக்கும். நூலைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 33 வருஷம் துணி மேல் போட்டாச்சு.

ஆள் குதிக்கிற பாராசூட்டை மடிப்பவனுக்குப் பயம் இருக்கும், அவனையே எந்த நாளும் குதிக்கச் சொல்லலாம். சரக்குப் பாராசூட் மடிப்பவனை யாரும் மண்ணெண்ணெய் டின்னோடு சேர்த்துத் தள்ள மாட்டார்கள்.

கோணி ஊசி, 12.03.2024, மாலை

ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. ஆறுதலுக்காக எழுதவில்லை.

கோணி ஊசி, 30.03.2024

எனக்குப் பின்னால் வந்த ஒரு தம்பி, சங்கரன்கோவில் பக்கத்துக்காரன், போன வருஷம்தான் ரிட்டையர் ஆனவன், இந்த இழையைப் படித்துவிட்டுப் போன் போட்டான். "என்ன அண்ணாச்சி, எங்கள உசுரோடயே பொதைச்சிட்டிய?"

ஒரு மணி நேரம் பேசினோம். சாரம் இது. ஏ.என்.32 இன்னும் பறக்கிறது. அது வந்தது 1984இல், எனக்கு ஒரு வருஷம் மூத்தது. நான் வேலையை விட்டு வந்து வருஷக்கணக்காச்சு, அது இன்னும் ஓய்வு பெறவில்லை. கூடவே 2011 முதல் சி-130ஜே, 2013 முதல் சி-17. ஆக்ராவில் உள்ள பாராசூட் ஆராய்ச்சி நிலையம் ஏழு டன் வரை தூக்குகிற மேடையைச் செய்துவிட்டது. ஐ.எல்.76இலிருந்து ஜீப்பையோ பீரங்கியையோ அப்படியே இறக்கலாம், ஐந்து பெரிய குடை விரியும். தானே திசை திருப்பிக்கொண்டு வருகிற 500 கிலோ பாராசூட்டையும் 2021 டிசம்பரில் போட்டுக் காட்டினார்கள். அதனால் "மறந்துதான் போச்சு" என்று முதல் வரியில் நான் எழுதியது தப்பு. அந்த வரியை அடித்து நீக்கவில்லை, கிடக்கட்டும்.

ஆனால் இன்னொன்றும் அவனே சொன்னான். அவன் சேர்ந்தபோது இருந்த டீ ஜெட்களில் பலவற்றுக்கு இப்போது லாரி போகிறது. ரோடு போட்டுவிட்டார்கள், பாலம் வந்துவிட்டது, மிச்சத்துக்கு ஹெலிகாப்டர். நாங்கள் ஒரு வாரத்தில் தள்ளியதை இவர்கள் எப்போதாவது பயிற்சியில் தள்ளுகிறார்கள். நான் என்ன சொல்ல? ரோடு வேண்டாம் என்றா? மாசக்கணக்கில் மேகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சாவடிக்கு இப்போது லாரியில் தக்காளி போகிறது. நம் மாஞ்சோலைக்குப் பஸ் விட்டபிறகு தலைச்சுமை தூக்குகிறவனைத் தேடி யாரும் அழவில்லையே.

கோணி ஊசி, 31.03.2024

"சாமான் இருந்தால் போதும், பட்டன் அமுக்கினால் ஜி.பி.எஸ். பார்த்துக்கொள்ளும்" என்கிற தம்பிக்கு.

2016 ஏப்ரலில் ஜெர்மனியில் ஹோஹன்ஃபெல்ஸ் பயிற்சித் திடலில் அமெரிக்கர்கள் வண்டிகளைப் பாராசூட்டில் இறக்கினார்கள். மூன்று ஹம்வீ பாராசூட்டிலிருந்து கழன்று கல்லு மாதிரி வந்து விழுந்தது. வீடியோ உலகம் முழுக்க ஓடியது. அவர்களிடம் இல்லாத சாமானா?

அதே 2016 பிப்ரவரியில் சிரியாவின் தேர் எஸ்-ஸோர் நகரத்துக்கு உலக உணவுத் திட்டம் ரொம்ப உயரத்திலிருந்து உணவு போட்டது. முதல் தடவை சிதறிப்போனது, சில திசை தப்பின, சில உடைந்தன. நிறுத்தினார்கள், பயிற்சி எடுத்தார்கள், ஏப்ரலில் மறுபடி தொடங்கினார்கள். அப்புறம் அடுத்த வருஷம்வரை முந்நூறு தடவைக்கு மேல் போட்டார்கள். அந்த முந்நூறுதான் நான் சொல்லுவது.

பிரிட்டன் 2023 ஜூனில் தன் ஹெர்குலிஸ் விமானங்களை மொத்தமாக ஓய்வுக்கு அனுப்பிவிட்டு ஏ400எம் மேல் அந்த வேலையைப் போட்டது. இந்த மாதம் 25ஆம் தேதி அதிலிருந்து காசாவில் பத்து டன் போட்டார்கள். பெரிய விமானம், நல்ல விமானம். ஆனால் விமானம் மாறினால் கட்டு மாறும், உயரம் மாறும், தள்ளுகிற நேரம் மாறும். எல்லாவற்றையும் மறுபடி போட்டுப் போட்டுத்தான் சரிபார்க்க வேண்டும்.

கோணி ஊசி, 31.03.2024, இரவு

சிலது போனதே நல்லது. வியட்நாமில் கே சான் முற்றுகையில், 1968, விமானம் ஓடுதளத்தை உரசுகிற மாதிரி பறக்கும், பின்னால் ஒரு பாராசூட் விரிந்து சரக்கை மேடையோடு வெளியே இழுத்துத் தரையில் தேய்த்துவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. 1987 ஜூலை 1ஆம் தேதி ஃபோர்ட் பிராக்கில் கூட்டத்துக்கு முன்னால் இதைச் செய்து காட்டும்போது ஒரு சி-130 தரையில் மோதி எரிந்தது. கொஞ்ச காலத்தில் அந்த முறையையே விட்டுவிட்டார்கள். ரஷ்யர்கள் இன்னும் ஒருபடி மேலே, 1973இல் கவச வண்டியை உள்ளே இரண்டு ஆளோடு இறக்கினார்கள். உள்ளே இருந்த ஒருவர் அவர்களுடைய பாராசூட் படையின் தளபதி மார்கெலோவின் சொந்த மகன். எங்கள் உஸ்தாத் இதைச் சொல்லிவிட்டு, "உங்க அப்பன் எவனாவது விடுவானாலே?" என்பார். அவர் நாங்குநேரிக்காரர்.

கோணி ஊசி, 19.05.2024

பாராஜூட் பற்றி எழுதினேன் அல்லவா, அதன் வால் ஒன்று. அமெரிக்கர்கள் ஆப்கானிஸ்தானில் ஜி.பி.எஸ். பாராசூட்டைக் கொண்டுவந்தார்கள். அது விலை அதிகம், திரும்ப எடுத்து வந்தாக வேண்டும். கூடவே ஒருதரம் போட்டுவிட்டு மறந்துவிடுகிற மலிவுப் பாராசூட்டும் செய்தார்கள். துணி என்ன தெரியுமா? பாலிபுரோப்பிலின் நெசவு. அதாவது நம் உரச்சாக்கு. சணல் சாக்கிலிருந்து கிளம்பி, பட்டு, நைலான் எல்லாம் சுற்றி, மறுபடி சாக்குக்கே வந்தாச்சு.

கான்பூர் பாராசூட் தொழிற்சாலை 1941இல் தொடங்கியது, இன்றைக்கும் தைக்கிறது. 2021இல் பெயர்ப் பலகைதான் மாறியது, கிளைடர்ஸ் இந்தியா என்று. எங்களுக்கு வந்த பையில் தையல்காரர் முத்திரை இருக்கும். முகம் தெரியாத அந்த ஆளை நினைத்துக்கொண்டே மடிப்போம். பழைய நைலானை வெயிலில் காட்டக் கூடாது, வெயில் தின்றுவிடும். ஈரத்தோடும் மடிக்கக் கூடாது. கோபுரம் மாதிரி உயரமான கொட்டகையில் தொங்கவிட்டு நிழலில்தான் காயவைப்போம். தவறிப்போய் வெயில் தின்ற துணி ஒன்று கழித்துக் கட்டியபிறகு என்னிடம் வந்து சேர்ந்தது. பதினெட்டு வருஷமாக எங்கள் தட்டட்டியில் கூழ்வற்றல் அதில்தான் காய்கிறது. காக்காய் பயந்து வருவதில்லை.

கோணி ஊசி, 20.08.2024

மூன்று நாள் முன்னால் 15,000 அடிக்கு நெருக்கமான உயரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியையே பெட்டியாகக் கட்டி சி-130ஜேயிலிருந்து இறக்கியிருக்கிறார்கள். சரியாக இறங்கியது. அந்த உயரத்தில் காற்று நம் ஊர்க் காற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. அதே குடை, அதே பெட்டி, ஆனால் கால்பங்கு கூடுதல் வேகத்தில் இறங்கும். அடி ஒன்றரை மடங்குக்கு மேல் விழும். உள்ளே கண்ணாடிக் குப்பி உடையாமல் கட்டியவன் யாரோ, அவன் கைக்கு ஒரு சலாம்.

சங்கரன்கோவில் தம்பிக்கு இதை அனுப்பினேன். "இப்ப என்ன சொல்லுதிய?" என்று கேட்டான். ஒன்றும் சொல்லவில்லை.

கோணி ஊசி, 01.12.2024

வடகிழக்குப் பருவமழை வந்தாச்சு, போன வருஷத்து நினைப்பு எல்லாருக்கும். எங்கள் தெருப் பையன்கள் பொட்டலம் கட்டுவது எப்படி என்று கேட்டார்கள். சொன்னால் போதாது என்று எங்கள் வீட்டுத் தண்ணீர்த்தொட்டி மேல் ஏறினோம். தரைக்கு ஒன்பது மீட்டர். அங்கிருந்து விழுகிற பொட்டலம் மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும். ஹெலிகாப்டர் 15 மீட்டரில் நின்றால் 60ஐத் தாண்டும். குறைவுதான், ஆனாலும் பாடத்துக்குப் போதும்.

ஒற்றைக் கவரில் முட்ட முட்டக் கட்டிய எலுமிச்சைச் சாதம்: ஐந்தில் ஐந்தும் வெடித்தது. காற்றை நசுக்கிவிட்டு லூசாகக் கட்டி, இன்னொரு பெரிய கவரில் போட்டது: ஐந்தில் ஒன்றுதான். தண்ணீர் பாட்டில் முழுக்க நிரப்பியது மூடி தெறித்தது, முக்கால் நிரப்பியது உருண்டு போய் நின்றது. பிஸ்கட் எப்படிக் கட்டினாலும் மாவு.

கீழேயிருந்து வீட்டம்மா சத்தம்: "சோத்த மேலேருந்து போட்டு வெளையாடுதியளே, ஒங்களுக்கு என்ன கிறுக்கா?" பையன்களில் ஒருவன், "ஆச்சி, இது டிரெய்னிங்" என்றான். அவனுக்கும் சேர்த்து விழுந்தது.

கோணி ஊசி, 26.08.2025

வெகு நாள் கழித்து. ககன்யான் கூட்டை 24ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டா பக்கத்தில் ஹெலிகாப்டரிலிருந்து போட்டுச் சோதித்தார்கள். கிட்டத்தட்ட ஐந்து டன், மூன்று கிலோமீட்டர் உயரம். அந்தப் பாராசூட்டும் ஆக்ராக்காரர்கள் வேலை. முழு ஏற்பாட்டில் மொத்தம் பத்து குடை, ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு விரியும். கடைசிப் பெரிய மூன்றில் ஒன்று விரியாவிட்டாலும் இரண்டு போதும். நம் மகேந்திரகிரியில் எஞ்சின் சத்தம் கேட்டால் பணகுடிக்காரர்கள் ராக்கெட் என்று பெருமைப்படுகிறார்கள். எனக்கு அதன் கடைசி ஐந்து நிமிஷம்தான் கண்ணில் நிற்கிறது. அங்கேயும் எங்கேயோ ஒரு நூல் அறுந்தாக வேண்டும்.

கோணி ஊசி, 27.08.2025

திசையன்விளையிலிருந்து ஒருவர், போன டிசம்பர்க் குறிப்பைப் பார்த்துவிட்டு, அரிசியை இரட்டைச் சாக்கில் கட்டிப் பள்ளிக்கூட மாடியிலிருந்து போட்டுப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். ஐந்தில் மூன்று வெடித்ததாம். "உங்கள் முறை தப்பு" என்கிறார்.

எத்தனை கிலோ போட்டீர்கள், உள்சாக்கு எவ்வளவு நிறைந்தது என்று எழுதுங்கள். முக்கியமாக, வெளிச்சாக்கின் வாயை எப்படித் தைத்தீர்கள்? படத்தில் பார்த்தால் சுருட்டி, இழுத்து, முறுக்கித் தைத்த மாதிரி தெரிகிறது. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று செய்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் செய்வேன். ஒரு சாண் விட்டுத் தைத்து, மறுபடி போட்டுவிட்டுச் சொல்லுங்கள்.